காப்புரிமைத் தொழிலும் கலாசாலை மாணவரும்

பட்டப் பரீட்சை நெருங்குந்தோறும் நம் விஞ்ஞான மாணவர் உள்ளத்தில் ஒரு வினா எழுவதுண்டு. பௌதிகமும் இரசாயனமும் பயின்றோம். இனிச் செய்வது யாது? ஆசிரியத் தொழில், ஆராய்ச்சி, அரசாங்க உத்தியோகம், கணினி நிலையம் என நான்கைந்து வழிகளே அவர்க்குத் தோன்றுகின்றன. சட்டம் என்னும் சொல்லைக் கேட்ட மாத்திரத்தில், அது நம்மனோர்க்கு உரியதன்று என ஒதுக்கிவிடுகின்றனர். விஞ்ஞானப் பட்டம் இல்லாதவர் புக இயலாத சட்டத் தொழிலும் ஒன்று உண்டென்பதை அறிந்தோர் மிகச் சிலரே. அதுவே காப்புரிமைத் தொழில். பேடெண்ட் தொழில் எனப் பலரும் வழங்குவது. யான் இக்கலாசாலையில் இரசாயனம் பயின்று வெளிப்போந்து, அத்தொழிலிற் பல்லாண்டு கழித்தவனாதலின், அதன் இயல்பை எனக்குப் பின் வருவோர்க்கு ஒருவாறு விளக்குதல் தகுமெனக் கருதி இதனை எழுதலானேன்.

காப்புரிமை என்பது யாது? ஒருவர் புதியதொரு பொருளையோ செய்முறையையோ கண்டுபிடிக்கின்றார். அதனைத் தம் நெஞ்சினுள்ளே மறைத்து வைத்து மாய்வாராயின் உலகுக்குப் பயனில்லை. வெளியிட்டாலோ, உழையாத பிறர் அடுத்த நாளே அதனைச் செய்து விற்கத் தொடங்குவர். ஆதலின் அரசாங்கம் அவரோடு ஓர் உடன்படிக்கை செய்துகொள்கின்றது. கண்டதை ஒளிவு மறைவின்றி எழுதித் தரல் வேண்டும். அதற்கு ஈடாக, விண்ணப்பித்த நாள்முதல் 20 ஆண்டு, அவர் இசைவின்றிப் பிறர் அதனைச் செய்யாவண்ணம் தடுக்கும் உரிமை அவர்க்கு உண்டு. அதன்பின் அஃது எல்லார்க்கும் பொதுவாகும். இது செய்வதற்குரிய உரிமையெனப் பலர் கருதுவர். அன்று, தடுப்பதற்குரிய உரிமையே. இந்த ஒரு வேறுபாட்டை உணராதவர் இத்துறையின் வாயிலைக்கூடக் காண மாட்டார்.

நம் நாட்டில் இவ்வகை உரிமைக்கு முதற்சட்டம் 1856ஆம் ஆண்டிற் பிறந்தது. அவ்வாண்டு மார்ச்சு 3ஆம் நாள் கல்கத்தாவிலிருந்த ஜார்ஜ் ஆல்பிரட் டிபென்னிங் என்னும் பொறியாளர் செய்த விண்ணப்பமே முதலாவதாகக் குறிக்கப்படுகின்றது. அவர் உரிமை கோரிய பொருள், பங்கா இழுக்கும் பொறி. வெப்பத்தில் வாடிய துரைமார்க்கு முதற்கண் வேண்டியிருந்தது காற்றே என்பது வியப்பன்று. பங்கா இழுத்துக்கொண்டிருந்த ஏழையின் கை அதனால் ஓய்வு பெற்றதா, பிழைப்பை இழந்ததா என்பதைப் பற்றி அந்த விண்ணப்பத்தில் ஒன்றும் இராது. ஆயினும் அவ்வினா அன்று தொட்டு இன்று வரை இத்தொழிலை விடாது தொடர்ந்து வருகின்றது.

நிற்க. காப்புரிமை முகவர் என்போர் நாடோறும் செய்யும் வேலை யாது? ஒரு சொல்லிற் கூறின், வேலி கட்டுதல். நிலத்துக்கு வேலி முள்ளாலும் கம்பியாலும் ஆகும்; கண்டுபிடிப்புக்கு வேலி சொற்களால் ஆகும். விண்ணப்பத்தின் இறுதியில் எண்ணிட்டு எழுதப்படும் உரிமைக் கோரிக்கைகளே அவ்வேலி. முன்னுள்ள பக்கங்கள் எத்துணை நீண்டிருப்பினும், வழக்கு எழுந்தால் நியாயாதிபதி முதலில் நோக்குவது அக்கோரிக்கைகளையே. இஃது எத்துணை அருமையுடைய வேலை என்பதை ஓர் எடுத்துக்காட்டாற் காண்போம்.

மடக்கும் குடை இன்னும் உலகில் தோன்றவில்லை எனக் கொள்க. தாழை மடலால் தைத்த தாழங்குடை மட்டும் உண்டு. ஒருவர் மடக்கி விரிக்கும் துணிக்குடை ஒன்றைச் செய்து எடுத்துக்கொண்டு உம்மிடம் வருகின்றார். நீர் அதனைக் கையில் வாங்கிப் பார்த்து, "கறுப்புப் பருத்தித் துணியும், எட்டு இரும்புக் கம்பியும், மூங்கிற் காம்பும் உடைய ஒரு குடை" என்று கோரிக்கை எழுதுகின்றீர். கண்டதைக் கண்டவாறே எழுதினீர், பிழை ஒன்றுமில்லை. ஆனால் அடுத்த திங்களே பக்கத்துத் தெருக்காரர் நீலப் பட்டும் ஏழு கம்பியும் பிரப்பங் காம்பும் கொண்டு ஒரு குடை செய்து விற்பார். அவரைத் தடுக்க உம் எழுத்தில் ஒரு சொல்லும் இராது. இதற்கு அஞ்சி, "மழையும் வெயிலும் படாமல் தலைக்கு மேற் பிடிக்கும் சாதனம்" என அகல எழுதினீராயின், அரசாங்கப் பரிசோதகர் தாழங்குடையை எடுத்து உம்முன் வைப்பார். அதுவும் தலைக்கு மேற் பிடிக்கும் சாதனமன்றோ? புதுமை தொலைந்தது.

பின் எங்ஙனம் எழுதுவது? இக்குடையில் உண்மையாகவே புதியது யாதென முதலில் நாடல் வேண்டும். துணி புதிதன்று, கம்பி புதிதன்று, நிழலும் புதிதன்று. காம்பின்மீது மேலும் கீழும் ஓடும் ஒரு வளையம். காம்பின் தலையிற் கீல்பட்டுத் தொங்கும் பல விலாக் கம்பிகள். அவ்விலாக்களையும் வளையத்தையும் இணைக்கும் தாங்கு கம்பிகள். வளையம் மேலேறின் விலாக்கள் விரிந்து மறைப்பை இழுத்துப் பிடித்தலும், கீழிறங்கின் அவை காம்போடு ஒடுங்குதலும்: இவ்வமைப்பே புதிது. ஆதலின் நிறத்தையும் எண்ணிக்கையையும் பொருளையும் விடுத்து, இவ்வமைப்பை மட்டும் கூறின், வேலி தாழங்குடையையும் தீண்டாது, பட்டுக் குடைக்காரரையும் தப்ப விடாது. இவ்வளவு எளிய பொருளுக்கே இத்துணை ஆராய்ச்சி வேண்டுமாயின், ஒரு மருந்துக்கோ மின்கருவிக்கோ எத்துணை வேண்டுமென நினைத்துப் பார்க்க. தொல்காப்பியச் சூத்திரத்துக்கு உரை கண்ட நம் முன்னோர், ஒரு சொல் மிகினும் குறையினும் பொருள் எங்ஙனம் திரியும் என வாதிட்டனரே, அக்கூர்மை இங்கே மிகவும் வேண்டற்பாலது. இலக்கண வகுப்பில் உறங்கிய விஞ்ஞான மாணவர் இத்தொழிலுக்கு வந்து வருந்துவதை யான் கண்டிருக்கின்றேன். யானும் அவருள் ஒருவனே.

புதுமை மட்டும் இருந்தாற் போதாது. அறிவாற்றலின் ஒரு படி ஏற்றமும் வேண்டும். நாம் பரீட்சையில் வைத்துக்கொள்ளும் அழிப்பான் பொருத்திய பென்சிலே இதற்குச் சான்று. அமெரிக்காவில் ஹைமன் லிப்மன் என்பார் 1858 மார்ச்சு 30இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். ரெக்கெண்டார்பர் என்பார் பெரும்பொருள் கொடுத்து அவ்வுரிமையை வாங்கி, பேபர் கம்பெனியார் மீது வழக்குத் தொடுத்தார். 1875இல் அந்நாட்டு உச்சநீதிமன்றம் அக்காப்புரிமை செல்லாதெனத் தீர்ப்பளித்தது. பென்சில் எழுதுகின்றது, ரப்பர் அழிக்கின்றது; இரண்டும் ஒன்றாய் ஒட்டியிருந்தும் தத்தம் பழைய வேலையையே தனித்தனியே செய்கின்றன; சேர்க்கையினாற் புதிய பயன் எதுவும் பிறக்கவில்லை என்பது அதன் கருத்து. 1970ஆம் ஆண்டின் இந்தியக் காப்புரிமைச் சட்டத்திலும், தனித்தனியே இயங்கும் அறிந்த சாதனங்களை வெறுமனே அடுக்கி வைத்தல் கண்டுபிடிப்பாகாதென ஒரு விதி உண்டு. வாங்கியவர் இழந்த பொருளை எண்ணின், வாங்குமுன் ஒரு நல்ல முகவரிடம் ஆலோசனை கேட்டிருக்கலாகாதா என்று தோன்றுகின்றது.

தகுதிகளைப் பற்றி நீள எழுத வேண்டுவதில்லை. இந்தியக் குடியுரிமையும், 21 வயது நிறைவும், விஞ்ஞானம், பொறியியல், தொழில்நுட்பம் இவற்றுள் ஒன்றிற் பட்டமும் உடையவர், அரசாங்கம் நடத்தும் தகுதிப் பரீட்சையில் தேறிப் பதிவேட்டில் இடம் பெறலாம். சட்டத்தையும் விதிகளையும் பற்றியது ஒரு தாள், விண்ணப்பம் எழுதுதலையும் பொருள்கோடலையும் பற்றியது மற்றொரு தாள், பின்னர் நேர்முகம். இவ்வாறு பதிவு பெற்றவர் காப்புரிமை அலுவலகத்தின் முன் பிறர்க்காக எழுதவும் வாதிடவும் கூடும். நியாயஸ்தலத்தில் எழுந்து வாதிட விரும்பின் சட்டப் பட்டமும் பெற்று வழக்கறிஞராதல் வேண்டும். காப்புரிமை அலுவலகங்கள் கொல்கத்தா, சென்னை, மும்பை, தில்லி என்னும் நான்கு நகரங்களில் உள. அவற்றில் பரிசோதகராய் அமர்வது வேறொரு வழி. பேராசிரியர் ஐன்ஸ்டைன் 1902 முதல் 1909 வரை சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் அத்தகைய உத்தியோகமே பார்த்தார் என்பதை நம் பௌதிக மாணவர் அடிக்கடி எடுத்துக் கூறுவர். அவர் இருந்த நாற்காலி போன்றதொன்றில் அமர்ந்தோர் எல்லாரும் அவராகிவிடவில்லை என்பதையும் உடன் கூறுதல் நலம்.

எனக்கு அவரினும் செஸ்டர் கார்ல்சன் என்பாரின் வரலாறே இத்தொழிலுக்கு நெருங்கியதாகத் தோன்றுகின்றது. வறுமையில் வளர்ந்து, கலிபோர்னியாவிற் பௌதிகம் பயின்று பட்டம் பெற்ற அவர், நியூயார்க்கில் மின்பொருள் செய்யும் ஒரு கம்பெனியின் காப்புரிமைப் பிரிவில் அமர்ந்தார். இரவில் சட்டக் கல்லூரிக்குச் சென்றார். விண்ணப்பங்களின் படிகள் எந்நேரமும் பற்றாக்குறையாகவே இருந்தன. கையால் எழுதியும் தட்டச்சிட்டும் புகைப்படமெடுத்தும் படி செய்தல் பெருந்தொல்லை. விலை கொடுத்து வாங்க இயலாத சட்டப் புத்தகங்களை நூல்நிலையத்தில் இருந்து கையாலே எழுதிக்கொண்டார். அவர்க்கோ மூட்டு வாதம். அத்தொல்லையே அவரைச் சிந்திக்க வைத்தது. 1938 அக்டோபர் 22இல் அஸ்டோரியா என்னுமிடத்தில், மின்னூட்டிய தகட்டின்மேல் பொடி தூவித் தாளில் முதற் படியை எடுத்தார். 1942இல் அதற்குக் காப்புரிமையும் பெற்றார். பல பெரிய கம்பெனிகள் அவரைத் திருப்பி அனுப்பின. ஈற்றில் ஒரு சிறு கம்பெனி ஏற்றது. இன்று நம் ஊர்க் கடைத்தெருவில் ஜெராக்ஸ் எனப் பெயர் தாங்கி நிற்கும் கடைகளெல்லாம், காப்புரிமைத் தாள்களைப் படியெடுத்து அலுத்த ஒருவரின் கைவலியிற் பிறந்தவை.

இனி, இத்தொழிலின் உயிர்நிலையான ஒன்றைக் கூறல் வேண்டும். வேலி கட்டுவோர் யார் பக்கத்தில் நின்று கட்டுகின்றனர்? விடுதலைக்குப் பின், 1911ஆம் ஆண்டுச் சட்டத்தையே நாம் கையாண்டு வந்தோம். அதனை ஆராயுமாறு நடுவண் அரசாங்கம் சென்னை உயர்நீதிமன்ற நீதிபதியாயிருந்த இராஜகோபால ஐயங்காரை நியமித்தது. அவர் 1959இல் அளித்த அறிக்கையைக் காப்புரிமை பயில்வோர் இன்றும் தேடிப் படிக்கின்றனர். இந்தியாவில் வழங்கப்பட்ட காப்புரிமைகளுள் மிகப் பெரும்பாலானவை அயல்நாட்டார் கையில் இருந்தன என்பதையும், அவற்றுட் பல இங்கே தொழிலாக நடத்தப்படாமல் வெறும் தடையாகவே கிடந்தன என்பதையும் அவர் எடுத்துக் காட்டினார். அவ்வறிக்கையை அடியாகக் கொண்டு எழுந்ததே 1970ஆம் ஆண்டுச் சட்டம். அது மருந்துப் பொருளுக்குக் காப்புரிமை மறுத்துச் செய்முறைக்கு மட்டும் வழங்கியது. அதனால் நம் நாட்டு மருந்துத் தொழில் தழைத்தது. பின்னர் உலக வர்த்தக உடன்படிக்கையின்படி 2005 முதல் மருந்துப் பொருளுக்கும் காப்புரிமை வந்தது. ஆயினும் அப்பொழுது பாராளுமன்றம் சட்டத்தின் 3ஆம் பிரிவில் ஒரு காவலையும் வைத்தது: அறிந்த பொருளொன்றின் புதிய வடிவம், அப்பொருளின் பயன்திறனை மிகுவியாதாயின் கண்டுபிடிப்பு எனக் கொள்ளப்படாது.

இக்காவல் முதன்முதற் பெரிதும் சோதிக்கப்பட்டது நம் சென்னை அலுவலகத்திலேயாம். இரத்தப் புற்றுநோயின் ஒருவகைக்கு இமாட்டினிப் என்னும் மருந்து மிகவும் பயனுடையது. நோவார்ட்டிஸ் என்னும் சுவிட்சர்லாந்துக் கம்பெனியார் அதனைக் கிளிவெக் என்னும் பெயரால் விற்றனர். அம்மருந்தின் ஒரு குறிப்பிட்ட படிக வடிவத்துக்கு அவர் 1998இல் சென்னையில் விண்ணப்பித்தனர். புற்றுநோயாளர்க்கு உதவும் சங்கமொன்றும் இந்திய மருந்துக் கம்பெனிகள் சிலவும் அதனை எதிர்த்தன. காப்புரிமை வழங்கப்படுமுன் எதிர்த்து எழுத எவர்க்கும் நம் சட்டம் இடந்தருகின்றது என்பதை மாணவர் குறித்துக்கொள்க; அச்சிறு வாயில் இல்லையேல் நோயாளரின் குரல் அவ்வறைக்குள் புகுந்திராது. கம்பெனி மருந்துக்குத் திங்கள் ஒன்றுக்கு ஏறத்தாழ 1,20,000 ரூபாய். இந்தியக் கம்பெனிகள் செய்த அதே மருந்துக்கு ஏறத்தாழ 8,000 ரூபாய். 2006 ஜனவரியில் சென்னை அலுவலகம் விண்ணப்பத்தை நிராகரித்தது. 2007இல் சென்னை உயர்நீதிமன்றம் அச்சட்டப் பிரிவு செல்லும் என்றது. 2013 ஏப்ரல் 1இல் உச்சநீதிமன்றம் நிராகரிப்பை உறுதி செய்தது. அவ்வடிவம் உடம்பில் 30 விழுக்காடு மிகுதியாகச் சேர்கின்றதெனக் கம்பெனியார் காட்டினர். அதனால் நோய் தீர்க்கும் திறன் மிகுந்தது என்பதற்குச் சான்று எங்கே என நீதிமன்றம் வினவியது.

கம்பெனியாரை அரக்கராகவும் எதிர்த்தோரை முனிவராகவும் கருதுதல் வேண்டா. நோயை வென்ற மருந்தைக் கண்டவர் அவரே. எதிர்த்த கம்பெனிகளும் வாணிகம் செய்வனவே. அயல்நாட்டுக் கம்பெனிக்கு எழுதுதல் பழியென யான் எண்ணவில்லை. அவர்க்காகப் பல விண்ணப்பங்கள் எழுதியுமிருக்கின்றேன். மெய்யான கண்டுபிடிப்புக்கு வலிய வேலி கட்டித் தருதல் நேரிய தொழிலே. ஆனால் இருபதாண்டு முடியுந் தறுவாயில் மாத்திரையின் மேற்பூச்சையும் உப்பையும் மாற்றிப் புதியதென எழுதித் தருமாறு கேட்போர் வருவர். அவ்வெழுத்தையும் சட்டத்துக்கு உட்பட்டே எழுதலாம்; கூலியும் மிகுதி. எழுத மறுத்தால் வேறொருவர் எழுதுவார். இத்தொழிலை நாடுவோர் அந்த மேசைமுன் ஒரு நாள் தாமும் அமர வேண்டியிருக்கும் என்பதை இப்பொழுதே எண்ணிக்கொள்வாராக. யான் இருமுறை எழுதினேன், ஒருமுறை மறுத்தேன். எழுதிய இரண்டையும் பற்றி எனக்கு இன்றும் மன அமைதி இல்லை.

மற்றொரு செய்தி, நம் கலாசாலைகளுக்கே உரியது. சில ஆண்டுகட்கு முன் வேறோர் ஊர்க் கல்லூரி மாணவர் இருவர், கிணற்றுப் பம்புக்கு ஏற்றதொரு வால்வைச் செய்துகொண்டு என்னிடம் வந்தனர். உண்மையாகவே நல்ல வேலைப்பாடு. விவரமெல்லாம் எழுதிக்கொண்டபின், இதனை எவர்க்கேனும் காட்டினீர்களா என வினவினேன். முகமலர்ந்து, கல்லூரிப் பொருட்காட்சியில் வைத்துப் பரிசு பெற்றதாகக் கூறி, படத்துடன் அச்சிட்டு வந்தோர்க்கெல்லாம் வழங்கிய துண்டுப் பத்திரிகையையும் எடுத்து நீட்டினர். எட்டுத் திங்கள் கழிந்திருந்தன. அரசாங்கம் அறிவிக்கை செய்த பொருட்காட்சியாயினும், கற்றோர் சங்கத்திற் படித்த கட்டுரையாயினும், 12 திங்களுக்குள் விண்ணப்பித்தால் சட்டம் பொறுக்கும். அத்துண்டுப் பத்திரிகை இரண்டிலும் சேராது. அவர் கண்டுபிடிப்பை அழித்தது அவர் பெற்ற பரிசே. முதலில் ஒரு தற்காலிக விவரக் குறிப்பைக் கொடுத்திருப்பின், முழு விவரக் குறிப்புக்கு 12 திங்கள் தவணை கிடைத்திருக்கும். இவ்வாண்டு மலரில் தம் ஆய்வை அச்சிட விரும்பும் மாணவரும் இதனை மறவாதிருப்பாராக. பத்திராசிரியர் என்னைப் பொறுத்தருள்வாராக.

தமிழ்ப் பகுதியில் இதனை எழுதுவது ஏன் என்று கேட்போர்க்கு ஒரு விடை உண்டு. நம் விதிகளின்படி விண்ணப்பம் இந்தியிலேனும் ஆங்கிலத்திலேனும் இருத்தல் வேண்டும். கோயம்புத்தூர்ப் பட்டறையில் பம்பைத் திருத்தும் மெக்கானிக்குக்கு அவ்விரண்டும் வாரா. அவர் தம் கண்டுபிடிப்பைத் தமிழிலேதான், அதுவும் பாதி கையாலும் பாதி வாயாலும் விளக்குவார். "இங்கே ஒரு நெளிவு குடுத்தேனுங்க, அப்புறம் அடைக்கவே இல்லை" என்பார். அந்நெளிவு எத்துணை பாகை, அடைப்பது மணலா துருவா, நெளிவின்றி வேறு வகையாற் செய்ய இயலுமா என அவர் மொழியிலேயே வினவி, விடையை ஆங்கிலத்தில் வேலியாக மாற்றுபவர் வேண்டும். தமிழ் நன்கறியாத முகவர் அந்நெளிவைத் தவற விடுவார். கண்டுபிடிப்பு முழுதும் அந்நெளிவிலேயே இருக்கும்.

பழைய அறிவைக் காப்பதிலும் நம் மொழிக்கு இடமுண்டு. புண்ணாற்ற மஞ்சளைப் பயன்படுத்துதற்கு 1995இல் அமெரிக்காவில் காப்புரிமை வழங்கப்பட்டது. நம் பாட்டிமார் அறிந்ததற்குக் காப்புரிமையா என நாம் நகைக்கலாம். ஆயின் அந்நாட்டுப் பரிசோதகர்முன் பாட்டியின் சொல் செல்லாது, எழுதிய சான்றே செல்லும். நம் நாட்டு விஞ்ஞான, தொழில் ஆராய்ச்சிக் கழகத்தார் வடமொழி, உருது, இந்தி முதலிய மொழிகளிலிருந்து 32 சான்றுகளைத் திரட்டிக் காட்ட, 1997இல் அவ்வுரிமை நீக்கப்பட்டது. அதன்பின் நம் பழமருத்துவ முறைகளை அயல்நாட்டுப் பரிசோதகர் படிக்கும் வண்ணம் ஐந்து மொழிகளில் தொகுத்துள்ளனர். சித்த மருத்துவமும் அத்தொகுதியில் உண்டு. சித்தர் பாடலொன்றில் வரும் மூலிகை யாது, கூறிய அளவு யாது எனத் துணிய, இரசாயனமும் தமிழும் ஒருங்கே வல்லவர் வேண்டும். அத்தகையோர் எண்ணிக்கை பெருகவில்லை.

ஊதியம் தொடக்கத்திற் குறைவு. எழுதிக் கிழித்த தாள்களே மிகுதி. மூத்த முகவர் ஒருவரிடம் இரண்டு மூன்றாண்டு பழகுமுன் தனியே தொழில் தொடங்குதல் அறிவுடைமையாகாது. ஆயினும் தமக்கு இது பொருந்துமா என அறிய விரும்பும் மாணவர் அத்துணைக் காலம் காத்திருக்க வேண்டுவதில்லை. காப்புரிமை அலுவலகத்தார் விண்ணப்பங்களை இணையத்தில் யாரும் கட்டணமின்றிப் படிக்குமாறு வைத்துள்ளனர். இக்கோடை விடுமுறையில் இரண்டொன்றைப் படிக்க. பின்னர், வீட்டிலுள்ள ஏதேனும் ஒரு பொருளை, தேங்காய் துருவியையோ சைக்கிள் பூட்டையோ, முன் வைத்துக்கொண்டு, அஃது இன்றுதான் கண்டுபிடிக்கப்பட்டதெனக் கொண்டு ஒரே வாக்கியத்தில் கோரிக்கை எழுதுக. எழுதியதை நண்பரிடம் கொடுத்து, இவ்வேலியில் நுழைய வழி தேடுமாறு கூறுக. யான் முதன்முதல் இவ்வாறு எழுதியது மைப்பேனாவைப் பற்றி. விடுதியில் என்னோடு தங்கியிருந்த தாவர இயல் மாணவர் அதனை வாங்கிப் படித்து, மூன்று நிமிஷத்தில், "இதில் மூடி என்றே எழுதவில்லையே" என்றார். மூடி இல்லாத பேனாவை அன்று அவர் கையில் வைத்திருந்தார்.